தோட்டம் இருக்கிறது, கையில் பணம் இல்லை: அமெரிக்கக் கல்லூரியின் உதவித்தொகை எப்படி முடிவாகிறது?

வந்த கடிதம்

இடுக்கி மாவட்டத்தில் குமுளியை அடுத்த ஊரிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அரசு உதவி பெறும் பள்ளியில் ஆசிரியை. ஆண்டுச் சம்பளம் 6.8 லட்சம். கணவர் நாலு ஏக்கரில் ஏலக்காய் பயிரிடுகிறார். தோட்டத்தின் மேல் 28 லட்சம் கடன். மூத்தவள் பிளஸ் டூ, இளையவன் பத்தாம் வகுப்பு.

மகளுக்கு வரும் ஆகஸ்டில் தொடங்கும் படிப்புக்கு அமெரிக்காவில் இரண்டு தனியார் கல்லூரிகளில் இடம் கிடைத்திருக்கிறது. முதல் கல்லூரியில் ஆண்டுச் செலவு 86,000 டாலர். அதில் 61,000 டாலர் தேவை அடிப்படையிலான உதவித்தொகை, 2,800 டாலர் வளாக வேலை. மீதி 22,200 டாலரைக் குடும்பம் கட்ட வேண்டும். இரண்டாவது கல்லூரியில் செலவு 78,000 டாலர், மதிப்பெண்ணுக்கான உதவித்தொகை 38,000 டாலர், மீதி 40,000. பதில் சொல்லக் கெடு மே 1.

அவருடைய கேள்விகள் இவை. "ஒரே பிள்ளை, ஒரே குடும்பம். தொகை மட்டும் ஏன் இவ்வளவு மாறுகிறது? பெல் கிரான்ட் கேட்கலாமா? விவசாய நிலத்தைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள் என்கிறார்களே, எங்களுக்குச் சேர்த்துவிட்டார்களா? தோட்டத்தையே காட்டியிருக்கக் கூடாது என்று ஏஜென்ட் இப்போது சொல்கிறார். நியூஜெர்சியில் இருக்கும் என் தம்பி பொறுப்பேற்பதாகக் கடிதம் தருகிறான், வாங்கலாமா? ஒரு ஏக்கரை விற்றாவது அனுப்பிவிடலாமா?"

பதில்

அன்புச் சகோதரிக்கு, கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். இப்போதைக்கு ஒரு சென்ட் நிலத்தைக்கூட விற்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய விண்ணப்பப் பிரதியை வரிவரியாகப் பார்த்தேன். கல்லூரி உங்கள் மேல் சுமத்தியதாக நீங்கள் நினைக்கும் 22,200 டாலர் அதில் நீங்களே எழுதிக் கொடுத்த தொகை.

'பெற்றோர் ஆண்டுதோறும் எவ்வளவு செலுத்த எதிர்பார்க்கிறார்கள்' என்று ஒரு கேள்வி உண்டு. அதில் 20 லட்சம் ரூபாய் என்று நிரப்பியிருக்கிறீர்கள். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்துப் பாருங்கள், 22,200 டாலர் வருகிறது. 'வசதி இருப்பதுபோல் காட்டினால்தான் இடம் கிடைக்கும்' என்று ஏஜென்ட் சொன்னதாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அந்த யோசனை முழுக்கப் பொய்யில்லை என்பதுதான் சிக்கல். வெளிநாட்டு மாணவர்களைப் பொறுத்தவரை பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் பணத் தேவையையும் பார்த்துத்தான் இடம் கொடுக்கின்றன. ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., ஆம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் போன்ற சில இடங்களில் மட்டுமே வெளிநாட்டு மாணவரின் தேவை சேர்க்கையைப் பாதிக்காது. உங்கள் மகளுக்கு இடம் கொடுத்த இரண்டும் அந்த வரிசையில் இல்லை. பணத் தேவையைப் பார்க்கும் கல்லூரி, குடும்பமே ஒப்புக்கொண்ட தொகைக்குக் கீழே தானாக இறங்கி வராது.

கழித்தல் கணக்கு

தேவை அடிப்படை உதவியின் அடித்தளம் ஒரு கழித்தல்தான். படிப்புக்கான மொத்தச் செலவிலிருந்து குடும்பத்தால் தர முடியும் என்று கல்லூரி கணிக்கும் தொகையைக் கழித்தால் வருவது தேவை. மொத்தச் செலவு என்றால் கட்டணம் மட்டுமல்ல. தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், கைச்செலவு எல்லாம் அதில் சேரும். மருத்துவக் காப்பீட்டையும் விமானக் கட்டணத்தையும் சில கல்லூரிகள் சேர்க்கும், சில சேர்க்காது. உங்கள் 86,000-இல் இவை இரண்டும் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். இல்லையென்றால் உங்கள் பங்கு இன்னும் சில ஆயிரம் டாலர் கூடும்.

தேவை இவ்வளவு என்று கண்டுபிடித்ததும் அதை முழுக்கக் கொடுத்துவிடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். முழுத் தேவையையும் ஈடுசெய்யும் கல்லூரிகள் குறைவு. மற்றவை ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியை இடைவெளியாக விட்டுவிடும்.

இரண்டாவது கல்லூரி இந்தக் கழித்தலுக்குள்ளேயே வரவில்லை. அது கொடுத்த 38,000 டாலர் மதிப்பெண்ணுக்கானது. உங்கள் சம்பளம், தோட்டம், கடன் எதுவும் அந்த எண்ணைத் தொடவில்லை. ஒரே குடும்பத்துக்கு இரண்டு தொகை வந்த காரணம் இதுதான். அந்த 38,000 நாலு ஆண்டுக்கும் அப்படியே நிற்கும், கட்டணம் மட்டும் ஏறிக்கொண்டே போகும். ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் உங்கள் குடும்பத்தால் ஆகாது. அந்த இடத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம். அதைக் காட்டி முதல் கல்லூரியிடம் பேரம் பேசவும் முடியாது, ஏனென்றால் இரண்டாவது கல்லூரியில்தான் உங்கள் பங்கு அதிகம்.

பெல் கிரான்ட் உங்களுக்குக் கிடையாது. 2025-26-இல் அதிகபட்சம் 7,395 டாலர் தரும் அந்த மானியம் அமெரிக்க அரசின் பணம். குடிமக்களுக்கும், கிரீன் கார்டு உள்ளவர்கள் போன்ற சில வகையினருக்கும் மட்டும் உரியது. மாணவர் விசாவில் போகிறவர்கள் அதற்கான ஃபாஃப்சா படிவத்தை நிரப்ப வேண்டியதில்லை. விவசாய நிலம் பற்றி நீங்கள் கேட்ட செய்தியும் அந்தப் படிவத்தைச் சேர்ந்ததுதான். குடும்பம் குடியிருக்கும் பண்ணையைச் சொத்துக் கணக்கிலிருந்து விலக்க 2025-இல் சட்டம் வந்தது, 2026-27 முதல் அது நடைமுறை. நீங்கள் நிரப்பியது சி.எஸ்.எஸ். புரொஃபைல். அதைக் கல்லூரிகள் தங்கள் சொந்தப் பணத்தைப் பங்கிடப் பயன்படுத்துகின்றன. அங்கே தோட்டம் கணக்கில் வரும்.

'ஆண்டு வருமானம் 1,00,000 டாலருக்குள் இருந்தால் எல்லாம் இலவசம்' என்று உங்கள் மகள் படித்ததும் உண்மையான செய்திதான். ஹார்வர்ட் 2025-26 முதல் அப்படி அறிவித்தது. அது அந்தக் கல்லூரியின் கொள்கை, நாட்டின் சட்டம் இல்லை. மற்றக் கல்லூரிகளிடம் அதை மேற்கோள் காட்டிப் பயனில்லை.

நிலத்துக்கு என்ன விலை போட்டீர்கள்?

சொத்திலிருந்து குடும்பம் ஆண்டுதோறும் ஒரு பங்கைத் தர முடியும் என்பது கல்லூரிகளின் அனுமானம். பெற்றோர் சொத்துக்கு, சில விலக்குகள் போக, தோராயமாக 3 முதல் 5 சதவீதம். ஒவ்வொரு கல்லூரியும் இதைத் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும். எனவே கீழே வரும் எண்களை உச்சவரம்பாக மட்டும் பாருங்கள்.

பக்கத்துத் தோட்டம் போன விலையை வைத்து ஏக்கருக்கு 40 லட்சம், மொத்தம் 1.6 கோடி என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் கேட்ட இடத்தில் சுழியம் போட்டிருக்கிறீர்கள். 1.6 கோடிக்கு 5 சதவீதம் 8 லட்சம். வங்கிக் கடன் 28 லட்சத்தைக் கழித்திருந்தால் மிச்சம் 1.32 கோடி, அதற்கு 6.6 லட்சம். ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பாததால் ஆண்டுக்கு 1.4 லட்சமும், நாலு ஆண்டில் 5.6 லட்சமும் உங்கள் தலையில் ஏறுகிறது.

இன்னும் பெரிய விஷயம் நிலத்தின் தன்மை. உங்களுடையது ஏலமலைக் காடுகள் பகுதியில் ஏல சாகுபடிக்கென்றே அரசு கொடுத்த குத்தகைப் பட்டயம். வீடு கட்டவோ வேறு தொழிலுக்கோ மாற்ற முடியாத நிலம். பக்கத்துத் தோட்டம் முழு உரிமைப் பட்டயம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இரண்டுக்கும் ஒரே விலை போடுவது நியாயமில்லை. இதே வகைப் பட்டய நிலம் உங்கள் பக்கத்தில் ஏக்கர் 25 லட்சத்துக்குக் கைமாறுவதாகச் சொல்கிறீர்கள். அப்படியானால் மதிப்பு ஒரு கோடி, கடன் போக 72 லட்சம், அதில் 5 சதவீதம் 3.6 லட்சம். இந்த விலைக்கு ஆதாரம் வேண்டும். அங்கீகாரம் பெற்ற மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி, பட்டயப் பிரதியும் ஆங்கில மொழிபெயர்ப்பும் சேர்த்துக் கொடுங்கள். பட்டயத்தில் உள்ள கட்டுப்பாட்டு வரிகளை மொழிபெயர்ப்பில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பாட்டி மகள் பெயரில் போட்ட 4 லட்சம் டெபாசிட்டுக்கு விதி வேறு. மாணவர் பெயரில் உள்ள பணத்துக்கு இந்த முறையில் வழக்கமான விகிதம் 25 சதவீதம். அந்த 4 லட்சம் உங்கள் பெயரில் இருந்தால் ஆண்டுக்கு அதிகபட்சம் 20,000 ரூபாய் கேட்பார்கள். அவள் பெயரில் இருப்பதால் ஒரு லட்சம். இப்போது அவசரமாகப் பெயர் மாற்ற வேண்டாம், காட்டிய பணம் காட்டியதுதான். முதலாண்டுச் செலவுக்கு அதையே முதலில் எடுங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அது இருக்காது. உங்கள் பி.எஃப். கையிருப்பைப் படிவம் கேட்கும், ஆனால் ஓய்வுக்கால நிதியைப் பொதுவாகச் சொத்தில் சேர்ப்பதில்லை. அதிலிருந்து கடன் எடுத்து வங்கியில் போட்டு வைத்தால் மட்டும் அது ரொக்கமாகிவிடும்.

ஏலக்காய் வருமானம்

2026 சேர்க்கைக்கு அடிப்படை 2024-ஆம் ஆண்டு வருமானம். 2023-இல் பறித்த காயை இருப்பு வைத்து, மறு ஆண்டு விலை ஏறியபோது உங்கள் கணவர் விற்றிருக்கிறார். அதனால் 2023-இல் செலவு போகக் கையில் நின்றது 4.6 லட்சம், 2024-இல் 9.2 லட்சம். அந்தக் கோடையில் ஒன்றரை ஏக்கர் கருகி மறுநடவு செய்ததால் 2025-இல் 3.1 லட்சம். விண்ணப்பத்தில் போனது 9.2 மட்டும். மூன்றாண்டுச் சராசரி 5.6 லட்சம். புதிதாக நட்ட செடி நல்ல காய்ப்புக்கு வர இரண்டு மூன்று ஆண்டு ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். கல்லூரி அதிகாரிக்குத் தெரியாது. ஏலம் என்ற பயிரையே அவர் கேள்விப்பட்டிருக்காமல் இருக்கலாம். அதை இரண்டு வாக்கியத்தில் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஏல வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் அதைக் காட்ட வேண்டாம் என்று ஏஜென்ட் சொன்னது தவறு. வரி உண்டா இல்லையா என்பது வேறு, வருமானம் உண்டா என்பது வேறு. படிவம் வரியில்லா வருமானத்தையும் கேட்கிறது. நீங்கள் காட்டியது சரியான செயல், அதில் உறுதியாக இருங்கள். தோட்டத்தையும் வருமானத்தையும் மறைத்தது பின்னால் தெரிந்தால் உதவித்தொகையைத் திரும்பக் கேட்கலாம், சேர்க்கையையே ரத்து செய்யலாம். விசாவுக்குப் பொய் ஆவணம் கொடுத்தது உறுதியானால் அமெரிக்காவுக்குள் நுழைய வாழ்நாள் தடை வரும். அந்தத் தடை ஏஜென்ட் மேல் விழாது, உங்கள் பிள்ளை மேல் விழும்.

வில்லேஜ் ஆபீசில் வாங்கிய வருமானச் சான்றிதழ் ஒன்றையும் இணைத்திருக்கிறீர்கள். அதில் குடும்ப ஆண்டு வருமானம் 96,000 ரூபாய் என்று இருக்கிறது. உங்கள் சம்பளமே 6.8 லட்சம் என்று இன்னொரு தாள் சொல்கிறது. உள்ளூரில் ஏதோ சலுகைக்காக வாங்கியதாக இருக்கலாம். ஆனால் இந்த ஒரு தாள் மற்ற எல்லாத் தாள்களையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். அது உண்மை நிலையைக் காட்டவில்லை என்று கல்லூரிக்கு எழுதித் திரும்பப் பெறுங்கள். உள்ளூரிலும் அதை வைத்து இனி எந்தச் சலுகையும் கேட்காதீர்கள்.

முறையீட்டை எப்படி எழுதுவது

உதவியைக் கூட்டச் சொல்லிக் கேட்பது தவறில்லை. கேட்டதற்காக மட்டும் கொடுத்த இடத்தைப் பறிப்பது வழக்கமில்லை. சேர்க்கை அலுவலகத்துக்கு அல்லாமல் நிதி உதவி அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். கெஞ்சும் கடிதம் வேண்டாம், எண்கள் பேசட்டும்.

முதல் பத்தியில் 20 லட்சம் என்ற எண்ணைத் திருத்துங்கள். நேராகச் சொல்லுங்கள்: எங்கள் வருமானத்தையும் கடனையும் வைத்துப் பார்க்காமல் ஒரு தொகையை எழுதிவிட்டோம், சரியான கணக்கு இது. அந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். உங்கள் சம்பளமும் தோட்டத்தின் மூன்றாண்டுச் சராசரியும் சேர்ந்து 12.4 லட்சம். வீட்டுச் செலவு 6 லட்சம், கடன் தவணை 3.2 லட்சம், மகன் படிப்பு 60,000 போனால் மிச்சம் சுமார் 2.6 லட்சம். மகள் பெயரில் உள்ள 4 லட்சத்தையும் உங்கள் சேமிப்பு 5 லட்சத்தையும் நாலு ஆண்டுக்குப் பங்கிட்டால் ஆண்டுக்கு 2.25 லட்சம். ஆக, உங்களால் தர முடிந்தது ஆண்டுக்கு 5 லட்சத்தை ஒட்டி, அதாவது சுமார் 5,500 டாலர்.

அடுத்த பத்தியில் கடன், பட்டயத்தின் தன்மை, மூன்றாண்டு வருமானம். இணைக்க வேண்டியவை:

- ஸ்பைசஸ் போர்டின் புற்றடி, போடி மின்னணு ஏலங்களில் காய் விற்றதற்கான ஏலக் கம்பெனி பில்கள், மூன்று ஆண்டுக்கும். கடையில் கொடுத்த காய்க்கு ரசீதும் வங்கி வரவும்.
- பறிப்புக் கூலி, உரம், மருந்து, ஸ்டோரில் (காய் உலர்த்தும் கூடத்தில்) உலர்த்திய செலவு: ஆண்டுவாரியாக ஒரு பட்டியல்.
- கடன் நிலுவை எவ்வளவு என்று வங்கி மேலாளர் கையெழுத்திட்ட கடிதம்.
- வறட்சி இழப்புக்குக் கிருஷி பவனில் (வேளாண் அலுவலகத்தில்) கொடுத்த விண்ணப்பமும் அவர்கள் தந்த ஆவணமும்.
- உங்கள் சம்பளச் சான்று, படிவம் 16, கரம் (நிலவரி) தீர்த்த ரசீது.

மலையாளத்தில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். ரூபாயிலேயே கொடுங்கள், நீங்களாக டாலருக்கு மாற்றினால் ஒவ்வொரு தாளிலும் ஒவ்வொரு விகிதம் வந்து நிற்கும்.

கல்லூரி மூன்று விதமாகப் பதில் சொல்லலாம்: மறுக்கலாம், கொஞ்சம் கூட்டலாம், நன்றாகவே கூட்டலாம். 16,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கேட்கிறீர்கள். முழுவதும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மே 1-க்குள் பதில் வராது என்று தோன்றினால் கெடுவை நீட்டித்துத் தரச் சொல்லி ஏப்ரல் மாதமே எழுதுங்கள்.

கடிதத்தில் இன்னும் மூன்று கேள்விகளைச் சேருங்கள். கட்டணம் ஏறும்போது உதவியும் ஏறுமா? இளையவன் கல்லூரிக்குப் போகும்போது அதைக் கணக்கில் எடுப்பார்களா? வெளியிலிருந்து மகளுக்கு வேறு உதவித்தொகை கிடைத்தால் இவர்கள் தங்கள் தொகையைக் குறைப்பார்களா? கடைசிக் கேள்வியைப் பலர் கேட்பதில்லை. வெளியே ஓடியாடி 3,000 டாலர் வாங்கிவந்த பிறகு, கல்லூரி அதே 3,000-ஐக் கழித்துக்கொண்டால் வீட்டுக்கு ஒன்றும் மிஞ்சாது. உதவி ஆண்டுதோறும் மறுகணக்குக்கு வருமா என்றும் பாருங்கள். வந்தால், காய் விலை ஏறிய ஆண்டுக்கு அடுத்தடுத்த ஆண்டுகளில் உங்கள் பங்கு கூடும். விலை ஏறும் ஆண்டில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள்.

வளாக வேலைக்கான 2,800 டாலர் முன்கூட்டியே கையில் வரும் பணமல்ல. படிப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டியது. முதல் பருவக் கட்டணத்துக்கு அதை நம்பாதீர்கள். உதவித்தொகை கூடி, கட்டணமும் புத்தகமும் போக விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போகத் தொடங்கினால், அந்த உபரிக்கு அமெரிக்காவில் வரி உண்டு. கல்லூரி 14 சதவீதம் பிடித்துவைக்கலாம். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் 21-ஆம் பிரிவு இந்திய மாணவர்களுக்கு நிலையான கழிவைப் பெறும் உரிமை தருகிறது. மகள் ஆண்டுதோறும் 1040-என்.ஆர். படிவம் தாக்கல் செய்தால் பிடித்த பணத்தில் பெரும்பகுதியை, பல நேரம் முழுவதையும், திரும்ப வாங்கலாம்.

தம்பியின் கடிதமும் வங்கிக் கடனும்

தம்பி உண்மையிலேயே ஆண்டுதோறும் பணம் தருவாரா? தருவார் என்றால் எவ்வளவு என்று அவரிடம் தயங்காமல் கேளுங்கள், அந்தத் தொகைக்கு மட்டும் கடிதம் வாங்குங்கள். வெறும் காகிதத்துக்காக 'முழுச் செலவையும் ஏற்கிறேன்' என்று எழுதினால் கல்லூரி அதை வருமானமாகச் சேர்த்து உங்கள் தேவையைக் குறைத்துவிடும். மாணவர் விசாவுக்குத் தேவையான ஐ-20 படிவத்தைத் தருவதற்கு முன் முதலாண்டுப் பங்குக்கான பணத்தைக் கல்லூரி பார்க்கக் கேட்கும். ஒரு வாரத்துக்குக் கைமாற்று வாங்கி வங்கியில் நிறுத்திக் காட்டுவது ஆபத்து. விசா அதிகாரி அந்த வரவு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

பி.எம். வித்யாலட்சுமி வட்டிச் சலுகை வெளிநாட்டுப் படிப்புக்குக் கிடையாது. அது இந்தியாவில் உள்ள குறிப்பிட்ட தரமான கல்வி நிறுவனங்களுக்கு மட்டும். தோட்டத்தை வைத்துக் கல்விக் கடன் வாங்கலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். கடன் திரும்பாதபோது நீதிமன்றம் போகாமல் சொத்தைக் கைப்பற்ற வங்கிகளுக்கு உதவும் சர்ஃபேசி சட்டத்தின் 31-ஆம் பிரிவு விவசாய நிலத்தை விலக்குகிறது. அதனால் வங்கிகள் அதை ஈடாக ஏற்கத் தயங்கும். உங்கள் நிலத்தில் ஏற்கனவே 28 லட்சம் இருக்கிறது, குத்தகைப் பட்டயம் வேறு. மேலாளரிடம் இதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஜூலையில் போய் நின்றால் காலம் போதாது.

என் கணிப்பில் உங்கள் எல்லை ஆண்டுக்கு 11,000 டாலர். 5 லட்சம் உங்கள் கையிலிருந்து, 5 லட்சத்துக்குள் கடன் அல்லது தம்பி உறுதியாகத் தரும் பணம். நாலு ஆண்டில் கடன் 20 லட்சத்தைத் தாண்டக் கூடாது. முறையீட்டுக்குப் பிறகு கல்லூரி அந்த எல்லைக்குள் வந்தால் அனுப்புங்கள். வராவிட்டால் இந்த ஆண்டு வேண்டாம். மகள் இங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்வதற்கான க்யூட் நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதன் தயாரிப்பை இப்போதே நிறுத்திவிடச் சொல்லாதீர்கள். இங்கே பட்டம் முடித்து முதுகலைக்கு வெளிநாடு போனால், ஆசிரியர் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலை பார்த்துக் கட்டணத்தை ஈடுகட்டும் வழிகள் உண்டு. அவற்றுக்கு உங்கள் தோட்டத்தின் மதிப்பை யாரும் கேட்க மாட்டார்கள்.

இந்த வாரம் முடிவதற்குள் வங்கிக்குப் போய்க் கடன் நிலுவைக் கடிதத்தையும், கிருஷி பவனில் இழப்பு ஆவணத்தையும் வாங்கிவிடுங்கள். நேரம் பிடிப்பவை இவை இரண்டும்தான். மற்றவை வீட்டுப் பெட்டியிலேயே இருக்கும். கடிதத்தை எழுதி முடித்ததும் அனுப்புவதற்கு முன் மகளையே ஒருமுறை கூட்டிக் கழித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்து அவளுடையதும் அதில் இருக்கப்போகிறது.